10 இஞ்ச் மினி லேத்திலிருந்து 16 இஞ்சுக்கு: சிங்கிள் ஃபேஸ் வீட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பூவரசு_கோவை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இப்போது ஓடுவது 10 இஞ்ச் ஸ்விங் (ஏற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) உள்ள, மரம் கடையும் மினி லேத். அரை ஹெச்.பி மோட்டார், ஸ்பிண்டில் (சுற்றும் தண்டு) 1 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 8 மரை, உள்ளே மோர்ஸ் டேப்பர் (கூம்புத் துளை) 2. குறைந்தபட்ச வேகம் 750. மேஜையோடு சேர்த்து மொத்த எடை 50 கிலோ இருக்கும். பேனா, பம்பரம், 7 இஞ்ச் கிண்ணம் வரை ஒரு குறையும் இல்லை. 9 இஞ்ச் கட்டையை ஏற்றினால் மேஜை நடக்க ஆரம்பிக்கிறது, உளியைக் கொஞ்சம் அழுத்தினாலே மோட்டார் நின்றுவிடுகிறது.

பச்சைத் தூங்குமூஞ்சி மரம் மர அறுவை மில்லில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் 14, 15 இஞ்ச் கிண்ணம் கடைய வேண்டும் என்பதுதான் குறி. மூன்று வழிகள் தெரிகின்றன:

1. வி.எஃப்.டி.யோடு (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வரும் 16 இஞ்ச் இறக்குமதி லேத், 2 ஹெச்.பி, ஸ்பிண்டில் ஒன்றேகால் இஞ்ச், 8 மரை.
2. இங்கேயே ஒரு பட்டறையில் சி-சேனல் பெட் (லேத்தின் நீளமான அடிச்சட்டம்) வைத்து 18 இஞ்ச் ஸ்விங்கில் செய்து தருகிறார்கள். 2 ஹெச்.பி த்ரீ ஃபேஸ் மோட்டார், மூன்று படி புல்லி, குறைந்த வேகம் 400.
3. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய 16 இஞ்ச் லேத் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும். தரைத்தளம், சிமெண்ட் தரை. இப்போதுள்ள 100 மி.மீ நான்கு தாடை சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) புது லேத்துக்கு ஆகுமா? 2 ஹெச்.பி உண்மையிலேயே வேண்டுமா?

---

கடைசல்_காரைக்குடி எழுதியது:

ஸ்விங் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் சார். பெரிய கிண்ணத்துக்கு லேத் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது மிகக் குறைந்த வேகம் எவ்வளவு, அந்த வேகத்தில் முறுக்குவிசை எவ்வளவு, இரும்பு எத்தனை கிலோ என்ற மூன்றையும்தான். ஸ்விங் நான்காவதாக வந்தால் போதும்.

வேகத்துக்கு எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு: கட்டையின் விட்டத்தை இஞ்சில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15 இஞ்சுக்கு அது 400 முதல் 600 வரை. இது உருண்டையாகிச் சமநிலைக்கு வந்த கட்டைக்கு. மில்லிலிருந்து வந்த பச்சைக் கட்டை முதலில் சுற்றும்போது 150, 200 தாண்டக் கூடாது. 400-க்குக் கீழே இறங்காத லேத்தில் அந்த முதல் பத்து நிமிடம்தான் ஆபத்தானது.

ஏன் என்பதற்கு எண்கள்: 15 இஞ்ச் விட்டம், 5 இஞ்ச் கனம் உள்ள பச்சைக் கட்டை 13, 14 கிலோ வரும். அதன் எடை மையம் 10 மி.மீ மட்டும் விலகியிருந்தாலே 400 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 24 கிலோ விசை பக்கவாட்டில் இழுக்கும். வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, 800-ல் 97 கிலோ. உங்கள் மினி லேத்தில் 4 கிலோ எடையுள்ள 9 இஞ்ச் கட்டை 750-ல் சுற்றும்போதும் இதே 25 கிலோ விசைதான் வருகிறது. 50 கிலோ மேஜை நடக்காமல் என்ன செய்யும்?

அதனால் லேத் குறைந்தது 150 கிலோ, 200 என்றால் இன்னும் நல்லது. எடை போதாவிட்டால் கால்களுக்கு நடுவே பலகைப் பெட்டி அடித்து மணல் நிரப்புங்கள். 60 செ.மீ நீளம், 40 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியில் 115 கிலோ உலர்ந்த மணல் பிடிக்கும். பெட்டி கால்களோடு இறுக்கமாக போல்ட் ஆகியிருக்க வேண்டும், சும்மா நடுவில் வைத்தால் பலன் பாதிதான். எம்-சாண்ட் போதும், ஆனால் காயவைத்து, பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள். ஈர மணல் காலைத் துருப்பிடிக்க வைக்கும்.

தரையில் போல்ட் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தரை சமமில்லாமல் அடித்தால் பெட் முறுக்கிக்கொள்ளும், ஹெட்ஸ்டாக்கும் (ஸ்பிண்டில் உள்ள தலைப்பகுதி) டெயில்ஸ்டாக்கும் (எதிர்முனையில் தாங்கும் பகுதி) நேர்கோடு தவறும். முதலில் நான்கு காலையும் திருகி, எந்த மூலையை அழுத்தினாலும் ஆடாதபடி வையுங்கள். இரண்டு பக்கமும் செருகும் கூர்முனைச் சென்டர்கள் நுனிக்கு நுனி தொடுகின்றனவா பாருங்கள். அதற்குப் பிறகும் நகர்ந்தால் மட்டும் போல்ட்.

---

மின்னிணைப்பு_மதுரை எழுதியது:

2 ஹெச்.பி வேண்டுமா என்ற கேள்விக்கு முதலில். உங்கள் அரை ஹெச்.பி 750 ஆர்.பி.எம்மில் கொடுக்கும் முறுக்குவிசை அதிகபட்சம் 4.7 நியூட்டன் மீட்டர். 9 இஞ்ச் கட்டையின் விளிம்பில் அது வெறும் 4 கிலோ விசை. மோட்டார் நிற்பது அதனால்தான். 2 ஹெச்.பி, அதாவது 1.5 கிலோவாட், 1440 ஆர்.பி.எம் மோட்டாரை 1-க்கு 3 புல்லியில் போட்டால் ஸ்பிண்டிலில் கிட்டத்தட்ட 30 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 15 இஞ்ச் விளிம்பில் 16 கிலோ. அதே மோட்டார் 1-க்கு 1.2 புல்லியில் இருந்தால் விளிம்பில் ஆறரை கிலோதான். எனவே வி.எஃப்.டி இருந்தாலும் புல்லி படிகளைக் கைவிடக் கூடாது. வேகத்தைக் குமிழில் குறைத்தால் முறுக்குவிசை கூடுவதில்லை, அப்படியே இருக்கும், பவர்தான் குறையும். பெல்ட்டைத் தாழ்ந்த படிக்கு மாற்றினால்தான் முறுக்குவிசை கூடும். பெரிய கிண்ணத்தை உயர் படியிலேயே வைத்து குமிழை மட்டும் திருகுவதால்தான் 'வி.எஃப்.டி லேத்துக்கு பலமில்லை' என்ற புகார் வருகிறது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடேறும்.

சிங்கிள் ஃபேஸ் பிரச்சினையே இல்லை. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே, 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் வெளியே என்று 1.5 மற்றும் 2.2 கிலோவாட் வி.எஃப்.டி.கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. சிக்கல் மோட்டாரில். இந்த வி.எஃப்.டி 415 வோல்ட் தராது. நம் ஊர் 2 ஹெச்.பி மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்ட் ஸ்டார் இணைப்பில் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது) வருகின்றன. அதை டெல்டாவாக (மூன்றும் முக்கோணமாக இணைந்தது) மாற்றினால் 240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். அதற்கு டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருக்க வேண்டும். மூன்று வயர் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ரீவைண்டிங் கடையில் பிரித்து ஆறு முனை எடுக்கச் சொல்லலாம், புதிதாக வாங்கும்போதே ஆறு முனை கேட்பது சுலபம். இன்னொன்று: 3 ஹெச்.பி.க்கு மேல் வரும் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டிலேயே டெல்டா. அவை இந்த வேலைக்கு ஆகாது. பெயர்ப்பலகையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்டாரில் 3.4 ஆம்பியர் என்று போட்டிருந்தால் டெல்டாவில் அது 5.9. வி.எஃப்.டி.யில் மோட்டார் கரண்ட் அதுதான், பேஸ் ஃப்ரீக்வென்ஸி 50, வோல்டேஜ் 230. அதிகபட்சம் 75 ஹெர்ட்ஸ் வைத்தால் போதும். வேகமேறும் நேரம் 8 முதல் 10 விநாடி.

உள்ளே வரும் கரண்ட் 14, 15 ஆம்பியர் வரை போகலாம். போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மி.மீ செம்பு வயர், தூரம் 20 மீட்டர் தாண்டினால் 4 சதுர மி.மீ, 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்). வி.எஃப்.டி.யின் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும், அதனால் வீட்டு ஆர்.சி.சி.பி (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழலாம். அதைக் கழற்றிவிடுவது தீர்வில்லை. இந்த லைனுக்கு மட்டும் தனியாக டைப் ஏ, கிடைத்தால் டைப் எஃப், 30 மில்லி ஆம்பியர் போடுங்கள்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த சுவிட்சும் வரக் கூடாது. ஓடும்போது அதைத் திறந்தால் வி.எஃப்.டி போய்விடும். நிறுத்துவதற்கான சிவப்புக் காளான் பட்டனை கன்ட்ரோல் டெர்மினலில் இணைத்து, நீண்ட வயரில், டெயில்ஸ்டாக் பக்கம் வையுங்கள். கட்டை ஆடும்போது அதன் எதிரே கையை நீட்டி பட்டனைத் தேடும் நிலை வரக் கூடாது. வி.எஃப்.டி மூடிய இரும்புப் பெட்டியில், மரத்தூள் விழாத இடத்தில் இருக்கட்டும். பச்சை மரத்தூள் ஈரமானது, போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள், கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும்.

---

உளிமுனை எழுதியது:

சக் பற்றி. உங்களுடையது நேரடியாக மரை வெட்டிய சக்கா, இன்செர்ட் போடும் சக்கா? பின்பக்கம் தனி வளையம் திருகப்பட்டிருந்தால் இன்செர்ட் வகை. நோவாவின் சூப்பர்நோவா 2, விக்மார்க்கின் வி.எம் 120 எல்லாம் அப்படித்தான். ஒன்றேகால் இஞ்ச் இன்செர்ட்டை மட்டும் வாங்கி மாற்றிவிடலாம். நேரடி மரை என்றால் அடாப்டர்தான் வழி. அது சக்கை பேரிங்கிலிருந்து இன்னும் ஒரு இஞ்சுக்கு மேல் முன்னால் தள்ளும். 13 கிலோ கட்டையை அப்படித் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழைய சக்கை மினி லேத்தோடு விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து நல்ல விலைக்குப் போகும், அல்லது சின்ன வேலைக்கு இருக்கட்டும்.

எப்படியும் 15 இஞ்ச் கிண்ணத்துக்கு 100 மி.மீ சக் சிறியது. டெனான் (கட்டையின் அடியில் சக் பிடிப்பதற்காகக் கடையும் வட்ட மேடு) விட்டம் கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், அதாவது 5 இஞ்ச். அதற்கு 120 மி.மீ அல்லது அதற்கு மேற்பட்ட சக், 5 இஞ்ச் பிடிக்கும் பெரிய தாடைகள். தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில்தான் முழு வட்டமாக இருக்கும், பிடி அங்கேதான் பலம். அகலத் திறந்து பிடித்தால் எட்டு மூலைகள் மட்டும் மரத்தைக் கடிக்கும், பச்சை மரம் நசுங்கி டெனான் தளரும். டெனானின் அடி சக்கின் அடியைத் தொடக் கூடாது. தோள் தாடையின் முகத்தில் உட்கார வேண்டும்.

வெளிப்புறம் கடையும்போது சக்கே வேண்டாம், 6 இஞ்ச் ஃபேஸ்பிளேட் (கட்டையில் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் தட்டு). நல்ல தடித்த மர ஸ்க்ரூ, 12 அல்லது 14 நம்பர், ஒன்றரை இஞ்ச், குறைந்தது எட்டு. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ போடவே கூடாது. கடினமாக்கப்பட்ட எஃகு, வளையாமல் தலை முறியும்.

இப்போது உள்ளூர் பட்டறை விஷயம். கோவையில் வார்ப்பும் மெஷினிங்கும் எந்த ஊருக்கும் குறைந்ததில்லை, இரும்பு நன்றாகவே இருக்கும். ஆனால் ஸ்பிண்டில் மரையை எழுத்தில் வாங்குங்கள். '1 இஞ்ச், 8 மரை' என்று மட்டும் சொன்னால் சில பட்டறைகள் பி.எஸ்.டபிள்யூ (பழைய பிரிட்டிஷ் மரை) வெட்டிவிடுவார்கள். அதுவும் 1 இஞ்சுக்கு 8 மரைதான், ஆனால் மரைக் கோணம் 55 டிகிரி. சக்குகள் வருவது 60 டிகிரியில். திருகினால் ஏறும், ஆனால் பக்கங்கள் முழுதாகப் பொருந்தாது, ஒவ்வொரு முறையும் சக் வேறு இடத்தில் உட்காரும். உங்களுக்கு 1 இஞ்சே வேண்டாம். 16 இஞ்சுக்கு மேல் ஒன்றேகால் இஞ்ச் 8 மரை அல்லது எம் 33, 3.5 பிட்ச், இரண்டில் ஒன்று. 31.75 மி.மீ.யும் 33 மி.மீ.யும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஒன்றுக்கொன்று ஆகாது. மரைக்குப் பின்னால் தோள், சரியாக 90 டிகிரியில், ஸ்பிண்டிலை ஏற்றிய பிறகு கடைந்ததாக இருக்க வேண்டும். சக்கின் நேர்த்தியை முடிவு செய்வது மரையைவிட அந்தத் தோள்தான்.

---

பூவரசு_கோவை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சக் நேரடி மரைதான், அப்படியானால் மினி லேத்தோடே இருக்கட்டும். பட்டறையில் கேட்டேன்: மோட்டாரில் மூன்று வயர்தான் வெளியே வருகிறதாம், ஆறு முனை மோட்டார் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். பழைய 16 இஞ்ச் லேத்தை இந்த ஞாயிறு பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே எதை எதைச் சோதிக்க வேண்டும்? 16 இஞ்ச் என்றால் 15 இஞ்ச் கட்டை நிஜமாகவே சுற்றுமா?

---

உளிமுனை எழுதியது:

15 இஞ்ச் சுற்றும், ஆனால் 15-ஐ உருட்டி எடுக்க வேண்டிய கரடுமுரடான கட்டை சுற்றாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூலை போதும், பெட்டில் இடிக்கும். பேண்ட் சாவில் வட்டமாக வெட்டிய பிறகே ஏற்ற வேண்டும். டூல் ரெஸ்ட்டை (உளியை வைக்கும் தாங்கி) பெட்டில் பிடித்து நிறுத்தும் பேஞ்சோவுக்கு மேலே இன்னும் குறைவு, ஏறக்குறைய 3 இஞ்ச் கழியும். கிண்ணத்துக்கு பேஞ்சோ பக்கத்தில் நிற்பதால் கவலையில்லை. நீளமான உருப்படிக்குத்தான் அது தடை.

பச்சையில் 15 இஞ்ச் கடைந்தால் காய்ந்தபின் முட்டை வடிவாகும், இரண்டாம் முறை உருட்டும்போது 14-தான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் கடைசலில் சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒன்று, ஒன்றரை இஞ்ச்.

பழைய லேத்துக்கு: டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி), 2 மோர்ஸ் டேப்பர் சென்டர் இரண்டு, டார்ச், ஒரு அடி நீளக் கட்டைக்கம்பு, ஒன்றேகால் இஞ்ச் சக் அல்லது ஃபேஸ்பிளேட் எடுத்துச் செல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். கம்பைத் ஸ்பிண்டில் மூக்கின் அடியில் கொடுத்து மேலே நெம்பும்போது டயல் கேஜ் முள் அசைந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிண்டில் மூக்கிலும் தோளின் முகத்திலும் ஓட்டம் (சுற்றும்போது தெரியும் விலகல்) 0.03 மி.மீ.க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 0.1-க்கு மேல் என்றால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

டார்ச் அடித்து மோர்ஸ் டேப்பரின் உள்பக்கம் பாருங்கள். டிரில் சக் வழுக்கிச் சுற்றி வரி வரியாகக் கிழிந்திருந்தால் ரீமரால் சரியாகும், ஆழமாக இருந்தால் ஆகாது. டெயில்ஸ்டாக் குழலை முழுக்க வெளியே நீட்டியும் ஒரு முறை நுனிக்கு நுனி பாருங்கள், உள்ளே இருக்கும்போது நேராகவும் வெளியே வரும்போது விலகியும் நிற்கும் லேத்துகள் உண்டு. பேஞ்சோவை இறுக்கி டூல் ரெஸ்ட்டின் நுனியில் உங்கள் எடையைக் கொடுங்கள், நழுவக் கூடாது.

வெளிநாட்டு மெஷின் என்பதால் மோட்டார் தட்டை முதலில் படியுங்கள். ஜெட் 1642 போன்றவற்றில் 115 வோல்ட் மாடலும் உண்டு, 230 வோல்ட் மாடலும் உண்டு. 115 என்றால் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

---

மரப்பட்டை_நெல்லை எழுதியது:

மற்றவர்களோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கிண்ணம் மட்டும்தான் குறி என்றால் ஜெட் 1642 போன்றவற்றின் 42 இஞ்ச் நீளப் பெட் எதற்கு? கட்டில் கால், தூண் கடையப் போவதில்லையே. ஹெட்ஸ்டாக்கைப் பெட்டின் கடைசிக்கு நகர்த்தும் அல்லது திருப்பும் வசதியுள்ள 24 இஞ்ச் குட்டைப் பெட் லேத் போதும். கிண்ணத்தின் உள்ளே கடையும்போது பெட்டின் மேல் குனிய வேண்டாம், நேராக நின்று வேலை பார்க்கலாம், முதுகு தப்பும். நோவா டி.வி.ஆர் எக்ஸ்.பி அந்த வகை: 16 இஞ்ச் ஸ்விங், ஹெட்ஸ்டாக்கைத் திருப்பினால் இன்னும் பெரியதும் ஏறும். உள்ளூரில் செய்ய வைத்தாலும் பெட்டைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் ஹெட்ஸ்டாக்கையும் பேரிங்கையும் கனமாக்கச் சொல்லுங்கள்.

பட்ஜெட் முழுவதையும் லேத்தில் போடாதீர்கள். 5, 6 இஞ்ச் கனப் பச்சை மரத்தை வட்டமாக வெட்டப் பேண்ட் சா வேண்டும், மரத்துண்டை நடுவில் பிளக்கச் செயின் சா வேண்டும். உளியும் மாறும்: மினி லேத்தின் குட்டைக் கைப்பிடி இங்கே போதாது. 5/8 இஞ்ச் தண்டுள்ள பவுல் கவுஜ் (கிண்ண உளி), 18 முதல் 20 இஞ்ச் கைப்பிடி. ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜை (நீளக் கட்டையை உருட்டும் உளி) கிண்ணத்தில் வைக்கவே கூடாது, கைப்பிடிக்குள் போகும் அதன் வால் தட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கும், ஒரு கடி கடித்தால் அங்கேயே முறியும். முழு முகத்தை மூடும் ஷீல்ட், தேய்க்கும்போது என் 95 மாஸ்க். தூங்குமூஞ்சித் தூள் மூக்கையும் கண்ணையும் நன்றாக எரிக்கும்.

---

பூவரசு_கோவை எழுதியது:

குட்டைப் பெட் யோசனை பிடித்திருக்கிறது அண்ணே, பட்டறையில் அதையே கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: வி.எஃப்.டி.யில் பிரேக் வைத்தால் சீக்கிரம் நிற்கும் என்கிறார்கள். ரிவர்ஸும் வருமாம். இரண்டையும் போட்டுவிடலாமா?

---

கடைசல்_காரைக்குடி எழுதியது:

அவசரப்பட வேண்டாம். சக் மரையில் திருகி நிற்கிறது. லேத் சட்டென்று நின்றால் கனமான கட்டை தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு சக்கைத் திருகிக் கழற்றிவிடும். ரிவர்ஸில் உளி அழுத்தும்போதும் அதேதான். சக்கின் பின்புறம் சின்ன கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத பூட்டுத் திருகு), ஸ்பிண்டிலில் அதற்கான பள்ளமும் இருந்தால் மட்டும் ரிவர்ஸ், அதுவும் தேய்ப்பதற்கு மட்டும். பட்டறையில் செய்வதென்றால் அந்தப் பள்ளத்தை இப்போதே வெட்டச் சொல்லுங்கள்.

நிற்கும் நேரத்தை 12, 15 விநாடி வையுங்கள். அதற்குக் குறைத்தால் 13 கிலோ கட்டையின் சக்தி திரும்ப வி.எஃப்.டி.க்குள் வந்து ஓவர்வோல்டேஜ் காட்டி ட்ரிப் ஆகும், அப்புறம் கட்டை பிரேக்கே இல்லாமல் தானாக ஓடி நிற்கும்.

---

மின்னிணைப்பு_மதுரை எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. ட்ரிப் நிற்க வேண்டுமென்று பிரேக்கிங் ரெசிஸ்டர் வாங்கிச் சேர்க்க வேண்டாம், உங்கள் வேலைக்குத் தேவையில்லை. இன்னொரு செட்டிங் முக்கியம்: மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடத் தொடங்கும் வசதி சில வி.எஃப்.டி.களில் உண்டு. அதை நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி விடும் வகையில் போடுங்கள், திருகி வைக்கும் சுவிட்ச் வேண்டாம். வேகக் குமிழ் கடைசியாக எங்கே இருந்தது என்று பார்த்து, கீழே இறக்கிய பிறகே ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்.